போணி பில்

அத்தியாயம் 11

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அம்சவள்ளிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்காவது பத்து நிமிஷம் உட்கார வேண்டும். திண்டிவனத்திலிருந்து வழி முழுக்க நின்றுகொண்டே வந்திருந்தாள். புருஷன் துரைக்கண்ணுவுக்கும் இடம் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு கடிதம்.

பதினோரு வருஷத்துக் கல்யாண வாழ்க்கையில் அவள் பேருக்கு வந்த முதல் கடிதம் அது. வருமான வரி ஆபீஸிலிருந்து வந்திருந்தது.

போன வாரம் வரை நடந்ததை பஸ்ஸில் வரும்போது அவள் மனசு நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டது. நாமும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

திண்டிவனம் கடைத்தெருவில் எண்ணெய்க் கடையும், ஊருக்கு வெளியே மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையை ஆட்டும் மில்லும் வைத்திருப்பவர் தாண்டவராயன், அம்சவள்ளியின் மாமனார். மூத்த மகன் துரைக்கண்ணுவுக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வாரம் எண்ணெய் விலை ஏறியது. மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த டின்கள் நாலே நாளில் காலியாயின. விலை ஏறியதற்கு அந்த வருஷம் மழை பொய்த்ததுதான் காரணம் என்று ஊரே சொன்னது. தாண்டவராயன் ஒப்புக்கொள்ளவில்லை. மருமகளின் ராசி என்றார். மறுநாளிலிருந்து கடையில் தினமும் போணி பில், அதாவது காலையில் போடும் முதல் பில், அம்சவள்ளியின் பேரில்தான் போடப்பட்டது. ஒரு டின் கடலை எண்ணெய், அம்சவள்ளி, திண்டிவனம். டின் அவள் வீட்டுக்கு வராது. அன்றைக்கு வரும் யாரோ ஒருவருக்குப் போய்விடும், அவருக்குத் தனியாக பில் கிடையாது. விற்றதற்குரிய வரியும் தவறாமல் கட்டப்பட்டது. யாரையும் ஏமாற்றவில்லை.

ஆனால் ராசியைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் எழுதவில்லையே. இரண்டு மாதம் முன்பு கடைக்கு வந்த வரி ஆபீஸ்காரர்கள் பில் புத்தகங்களை வாரிக்கொண்டு போய்ப் புரட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு அம்சவள்ளி தினமும் ஒரு டின் எண்ணெய் வாங்கிக்கொண்டே இருக்கிறாள். யார் அவள்? பணம் எங்கிருந்து வந்தது? மருமகள் பேரில் ஒளித்து நடத்தும் வியாபாரம் இது என்று முடிவானால், ஆறு வருஷத்து வரியும் அபராதமும் சேர்ந்து மில்லையே விழுங்கிவிடும். அதைக் கேட்டு ரத்த அழுத்தம் ஏறிப் படுத்த தாண்டவராயன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இதுதான் கதை. இனி அம்சவள்ளி வாய் திறக்க வேண்டும்.

ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் ஆடிட்டர் அரங்கநாதன் காத்திருந்தார். இருபது வருஷமாகத் தாண்டவராயனுக்குக் கணக்குப் பார்க்கிறவர். அம்சவள்ளிக்குப் பெஞ்சில் இடம் விட்டு எழுந்துகொண்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள்.

"பயப்படாதீங்கம்மா. நல்ல ஆபீஸர். லஞ்சம் கிஞ்சம்னு யாரும் பக்கத்துல போக முடியாது, அது ஒண்ணுதான் கஷ்டம்," என்றார் ஆடிட்டர். "ராசிக்காக எழுதினது, எனக்கு வியாபாரம் எதுவும் கிடையாது. இவ்ளோதான் நீங்க சொல்லணும். அதுக்கு மேல கேட்டா என்னைப் பாருங்க."

"அதுக்கு மேல இன்னா கேப்பாங்க?" என்றாள் அம்சவள்ளி.

ஆடிட்டர் துரைக்கண்ணுவைப் பார்த்தார். துரைக்கண்ணு டீ கிளாஸைப் பார்த்தான்.

அவன் ஏன் பார்வையைத் தாழ்த்தினான் என்பது அவளுக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஆபீஸருக்கு ஓய்வு பெற ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் சுற்றியிருந்தது. மேஜை மேல் கடையின் பில் புத்தகங்கள் வருஷவாரியாகக் கட்டி அடுக்கியிருந்தன. அம்சவள்ளிக்கு நாற்காலி போடச் சொன்னார். துரைக்கண்ணுவும் ஆடிட்டரும் பின்னால் உட்கார்ந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர் பேனாவைத் திறந்துகொண்டார்.

"உண்மையைத்தான் சொல்லணும். சொல்றதெல்லாம் எழுதப்படும். புரியுதாம்மா?"

"புரியுதுங்க."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

"தொழில்?"

"வூட்டு வேலைங்க."

அவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். "ஆறு வருஷத்துல ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம் டின் வாங்கியிருக்கீங்க. நாலரை லட்ச ரூபாய்க்கு மேல ஆகுது."

அம்சவள்ளிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "வூட்டுல தாளிக்கிற எண்ணெய்யே மாமாகிட்ட சொல்லிட்டுதாங்க எடுப்பேன். நாலரை லட்சத்த நான் கண்ணால பாத்ததில்லீங்க. என் பேரு ராசியான பேருன்னு மொதல் பில்லு அதுல எழுதுவாங்க. எனக்கு வியாபாரம்லாம் கெடயாதுங்க."

"இதையேதான் ஆடிட்டரும் எழுதிக் குடுத்திருக்கார்." ஆபீஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்பலாம்னுதான் நானும் பாத்தேன். ஒரு இடத்துல இடிக்குது. ராசின்னா தினமும் ஒரே பேர்தானே வரணும்? இருபத்தஞ்சு, இருபத்தாறு நாள் உங்க பேரு வருது. அப்புறம் மூணு நாள் லட்சுமியம்மாள்னு வருது. மறுபடியும் நீங்க. மாசாமாசம் இப்படித்தான். ரெண்டு பேரா வியாபாரத்தப் பிரிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. யார் அந்த லட்சுமியம்மாள்?"

"எங்க மாமியாருங்க. போன ஐப்பசியில தவறிட்டாங்க."

"சரி. ஏன் பேர் மாறுது?"

அம்சவள்ளி ஆடிட்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். பாவம், அவருக்கு இது தெரியாது, இத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லை. தெரிந்தவன் துரைக்கண்ணு. தெரிந்து என்ன, அவன் செருப்பு வாரை நிமிண்டிக்கொண்டிருந்தான்.

மாதத்தில் அந்த மூன்று நாள் அவள் அடுப்படிக்குள் போகமாட்டாள். பின்கட்டில் தனித் தட்டு, தனிப் பாய். துரைக்கண்ணு கடைச் சாவியை எடுக்கும்போது மாமியார் உள்ளிருந்து குரல் கொடுப்பாள். "தொரை, இன்னிக்கு என் பேர்ல எழுது." தீட்டான பேரில் போணி ஆகலாமா? மாமியாரின் குரல் சின்னக் குரல் இல்லை. அடுத்த வீட்டுக்குக் கேட்கும், தெருவில் வண்டி கட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கும் கேட்கும். முதல் வருஷம் அம்சவள்ளி அவமானத்தில் அழுதாள். பிறகு அழுவதற்கும் அலுத்துவிட்டது.

"சொல்லுங்கம்மா. இதுக்குக் காரணம் இல்லேன்னா, ராசிங்கறதும் நிக்காது."

சொல்லாவிட்டால் மில் போகும். சொன்னால்? சொன்னால் போவதற்குத் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் தேடிப் பார்த்தாள்.

"அந்த மூணு நாளு நான் தூரங்க," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. "தூரமா இருந்தா என் பேர்ல போணி எழுதமாட்டாங்க. மாமியாருக்கு அதெல்லாம் நின்னு போச்சு. அதனால அவங்க பேரு."

பக்கத்து மேஜையில் பேனா நின்றது. ஆபீஸர் அவளைப் பார்க்கவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்தார், புரட்டினார். இன்னொன்றை எடுத்தார். பென்சிலால் நாளை எண்ணிக்கொண்டு போனார். இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தெட்டு. அவர் முகம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. நாலரை லட்ச ரூபாய்க்குத் திருட்டு வியாபாரம் தேடிப் போனவர் கையில் ஒரு பெண்ணின் உடம்புக் கணக்கு அகப்பட்டிருந்தது. அதற்கு இவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

எண்பத்திரண்டாம் வருஷத்துப் புத்தகத்தில் பென்சில் ஓரிடத்தில் நின்றது.

அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் எந்த இடம் என்று தெரிந்தது. பங்குனியிலிருந்து எழுபத்தொரு நாள், இடையில் மாமியாரின் பேர் வராமல், அம்சவள்ளி, அம்சவள்ளி, அம்சவள்ளி. அந்த எழுபத்தொரு நாளும் வீட்டில் அவளுக்குக் காப்பியில் பால் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதற்கப்புறம் பதினாறு நாள் தொடர்ச்சியாக லட்சுமியம்மாள். அவ்வளவுதான். தங்காமல் போனதைப் பற்றி வீட்டில் யாரும் அப்புறம் பேசவில்லை. பேசாததை எல்லாம் கடை எழுதி வைத்திருந்தது, ஒரு நாள் விடாமல்.

அம்சவள்ளிக்கு அங்கேயே, அந்த மேஜை மேல் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் அழ வேண்டும் போல் இருந்தது.

ஆபீஸர் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டார். அந்த மரியாதையை அவள் மறக்கமாட்டாள்.

"எழுதிக்குங்க," என்றார் பக்கத்து மேஜைக்காரரிடம். "குடும்ப வழக்கப்படின்னு போடுங்க. அது போதும்."

பின்னால் ஆடிட்டர் மூச்சு விடுவது கேட்டது. ஜெயித்தாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். அம்சவள்ளியும்தான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் போனாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா." ஆபீஸர் கடைசிப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "மாமியார் போன ஐப்பசியில தவறிட்டாங்கன்னீங்க. அதுக்கப்புறம் பத்து மாசமா, அந்த மூணு நாளைக்கு இந்தப் பேர் வருது. பொன்னி, ஓமந்தூர். இது யாரு?"

அவள் குனிந்து படித்தாள். துரைக்கண்ணுவின் கையெழுத்து, அவனுக்கே உரிய சாய்ந்த எழுத்து. பொன்னி, ஓமந்தூர். ஒரு டின்.

மாமியாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாதம் அவள் பின்கட்டிலிருந்தபடி அவனைக் கேட்டிருந்தாள். "இனிமே அந்த நாளுல யாரு பேர்ல எழுதுவீங்க?" மயிலம் முருகன் பேரில் எழுதுகிறேன் என்று அவன் சொன்னான். எவ்வளவு நல்ல யோசனை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவள் அவள். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். துரைக்கண்ணு இப்போது செருப்பைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பதினோரு வருஷத்தில் அவன் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. இன்றைக்கு அவன் கண் கெஞ்சியது.

"நீங்க சொல்றதப் பாத்தா வீட்டுப் பொம்பளைங்க பேர்ல மட்டும்தான் போணி எழுதறீங்க," என்றார் ஆபீஸர். "இவங்களும் உங்க வீட்டைச் சேர்ந்தவங்கதானா? இல்ல வெளி ஆளுன்னா, நீங்க சொன்ன மொத்தமும் கேள்வியாயிடும். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

யோசிக்க என்ன இருக்கிறது. படுத்துக் கிடக்கும் மாமனார், மில்லில் மூட்டை தூக்கும் பதினெட்டுக் குடும்பம், காலையில் அவளை அனுப்பும்போது 'ஒன் வாய்லதாம்மா இருக்குது' என்று தாண்டவராயன் சொன்ன அந்த வறண்ட குரல். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் துரைக்கண்ணுவுக்குத் தண்டனை. கூடவே எல்லாருக்கும்.

"எங்க வூட்டுப் பொண்ணுதாங்க," என்றாள்.

"உங்களுக்கு என்ன உறவு?"

"தங்கச்சி முறை ஆவணும்."

அதையும் எழுதிக்கொண்டார்கள். வாசித்துக் காட்டினார்கள். அம்சவள்ளி பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேல் ஏறாமல் கையெழுத்துப் போட்டாள். மூன்று பக்கம், மூன்று கையெழுத்து. பொன்னி என்று எழுதியிருந்த பக்கத்தில் அந்தப் பேரை இன்னொரு தடவை படித்துவிட்டுப் போட்டாள்.

"அவங்களும் வந்து இதையே சொல்லிட்டா கேஸை முடிச்சுடலாம். வர்ற வெள்ளிக்கிழமை கூட்டிக்கிட்டு வாங்க," என்றார் ஆபீஸர். ஒரு நோட்டீஸில் பேர் எழுதி, முத்திரை வைத்து, துரைக்கண்ணுவிடம் நீட்டவில்லை, அவளிடம் நீட்டினார். "நீங்களே குடுத்துடுங்க. அக்கா குடுத்தா பயப்படமாட்டாங்க."

வெளியே வந்ததும் ஆடிட்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. "இப்படி ஒரு சாட்சியை நான் பாத்ததே இல்லம்மா. மாமாவுக்கு நான் தந்தி குடுத்துடறேன்," என்றார். பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். கணக்குப் பார்த்துப் பார்த்து அவருக்கு முகம் பார்க்கவும் வந்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம். காலையில் கிடைத்திருந்தால் என்ன என்று தோன்றியது. விக்கிரவாண்டி தாண்டியது. ரோட்டோரத்தில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைக் கொடிகள் காய்ந்துகொண்டிருந்தன.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. மயிலத்துக்குப் பிரிகிற இடம். அந்த இடம் வந்தால் துரைக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் இருந்ததே இல்லை. இன்றைக்கு அவன் கையை மடியிலேயே வைத்திருந்தான்.

"முருகன் பேர்ல எழுதறேன்னு சொன்னீங்க," என்றாள் அவள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான்.

"நீ நெனைக்கிற மாதிரி இல்ல அம்சா."

"நான் இன்னா நெனைக்கிறேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. பதினோரு வருஷம் ராசியாக இருந்ததிலேயே அவள் தெம்பெல்லாம் தீர்ந்து போயிருந்தது.

திண்டிவனத்தில் இறங்கியபோது மணி நாலு. துரைக்கண்ணு வீட்டுப் பக்கம் திரும்பினான். அவள் திரும்பவில்லை.

"அந்தப் பைய குடுங்க."

"எதுக்கு?"

"நோட்டீஸு அதுலதான இருக்குது. ஓமந்தூர் பஸ்ஸு நிக்குது. போய்ட்டு வந்துடறேன்."

அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். "வாணாம் அம்சா. நான் போயி சொல்லிக் கூட்டியாறேன். நீ வூட்டுக்குப் போ. அப்பாவுக்குக் கஞ்சி வைக்கணும்."

"தங்கச்சின்னு கையெழுத்து போட்டது நீங்களா, நானா?"

பஸ்ஸின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவன் பையைக் கொடுத்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டார்.

"ஒண்ணு," என்றாள் அம்சவள்ளி.

ஓமந்தூரில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. யார், எந்தத் தெரு, என்ன உறவு என்று எதுவும் தெரியாது. கையில் இருப்பது ஒரு பேரும் அந்தப் பேருக்கு ஒரு கடிதமும். இந்தப் பொன்னிக்கும் இதுதான் முதல் கடிதமாக இருக்குமோ என்று தோன்றியது. இருந்தால், பாவம்தான்.

தெருமுனையில் ஒரு வயசான அம்மாள் முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி பக்கத்தில் போய் நின்றாள்.

"இங்க பொன்னின்னு ஒருத்தவங்க வூடு எங்கம்மா?"

அந்த அம்மாள் நிமிர்ந்து, அவள் புடவையையும் பையையும் ஒரு தடவை பார்த்தாள்.

"எந்தப் பொன்னி? எண்ணெய்க்காரரு வூட்டுப் பொன்னியா?"

அம்சவள்ளி மஞ்சள் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட பிறகு நிற்பது அவளுக்குக் காலையிலேயே பழகிவிட்டது.

"ஆமாம்மா," என்றாள். "எண்ணெய்க்காரரு வூடுதான். வழி சொல்லுங்க."